முதலில் கால், அப்புறம் அலகு: பறவைகள் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமரி மாவட்டத்திலிருந்து வந்தவை, அதிலும் பெரும்பாலானவை ஈபிடிப்பான்களைப் பற்றியவை. வலசைப் பறவைகள் வந்து இறங்கி, ஐப்பசி மழையும் ஓய்ந்து, ஆட்கள் வீட்டுக்கு வெளியே தலைகாட்ட ஆரம்பிக்கிற நேரத்தில் ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். எனவே இந்த முறை முழுக்க அவற்றுக்கே விட்டுவிட்டேன். மயில் தொல்லை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ரப்பர் விளையின் கீழ்ப்பக்கம் சானல் (பாசனக் கால்வாய்) போகிறது. பால்வெட்டு முடிந்து சிரட்டைகளில் பால் வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சானல் கரைப் புதரில் ஒரு சின்னப் பழுப்புக் குருவி வருகிறது. இடுப்பு உயரக் கொம்பில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். திடீரென்று பாய்ந்து எதையோ பிடித்துவிட்டு மறுபடியும் அங்கேயே வந்து உட்காரும். புத்தகத்தைத் திறந்தால் நாலைந்து குருவிகள் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கின்றன. மூன்று படம் அனுப்பியிருக்கிறேன், இது எது சார்?
– திருவட்டாறு வாசகர்

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். கொம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாய்ந்து, பறந்தபடியே பூச்சியைப் பிடித்து, அதே கொம்புக்கோ பக்கத்துக் கொம்புக்கோ திரும்பி வருவது ஈபிடிப்பானின் பிழைப்பு. இதே அளவில் குளிர்காலத்தில் நம் பக்கம் நிறையத் திரிகிற இலைக்கதிர்க்குருவிகளைப் பாருங்கள், ஒரு இடத்தில் நிற்காது, இலைக்கு இலை தாவி அடியிலும் மேலும் எட்டிப் பார்த்துக்கொண்டே போகும். தையல்சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் கத்திக்கொண்டே அலையும். ஆக, உட்காருகிற விதத்தை வைத்தே பாதிப் பறவைகளை ஒதுக்கிவிடலாம், நிறம் வரைக்கும் போகவே வேண்டாம்.

நிறம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன், ரப்பர் மரத்தடியில் நிறத்தை நம்பாதீர்கள். இலைகள் வழியாக இறங்குகிற வெளிச்சமே பச்சை பாய்ந்தது, அதில் வெள்ளைத் தொண்டைகூட மங்கலாகத் தெரியும், போதாததற்குப் போன் கேமரா தன் பங்குக்குச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று எதையாவது சிவப்பாக்கி வைக்கும். உங்கள் முதல் படத்தில் செம்பழுப்பாகவும் மூன்றாவதில் சாம்பலாகவும் இருப்பது ஒரே குருவிதான். புத்தகத்தோடு நிறத்தை ஒப்பிட ஆரம்பித்தால் நாலைந்து இனம் என்ன, பத்து இனமும் பொருந்தும்.

அதனால் கால்கள். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொம்பைப் பிடித்திருக்கிற விரல்கள் வெளிறிய தோல் நிறத்தில், லேசாக மஞ்சள் கலந்து இருக்கின்றன. இது பழுப்பு மார்பு ஈபிடிப்பான் என்பதற்கு முதல் சாட்சி. இதோடு எல்லோரும் குழப்பிக்கொள்கிற இன்னொன்று சாதாரணப் பழுப்பு ஈபிடிப்பான், ஆசியப் பழுப்பு ஈபிடிப்பான் என்றும் எழுதுவார்கள். அதன் கால்கள் கறுப்பாக இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: வானத்தைப் பின்னால் வைத்துப் பார்த்தால் எல்லாக் குருவிக்கும் கால் கறுப்புத்தான், அப்படி எடுத்த படத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. இலையோ மரத்தண்டோ பின்னால் இருக்கிற கோணம் கிடைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது அலகு. பழுப்பு மார்புக்காரருக்கு அலகு கொஞ்சம் பெரிது, கீழலகு அடியிலிருந்து நுனிவரை மஞ்சளாக இருக்கும். ஆசியப் பழுப்புக்குக் கீழலகின் அடிப்பாகம் மட்டும் வெளிறி, நுனி கறுத்திருக்கும். உங்கள் படத்தில் குருவி தலையைச் சற்றே தூக்கியிருப்பதால் கீழலகு முழுசாகத் தெரிகிறது, மஞ்சள்தான். காலும் அலகும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டதால் எனக்குச் சந்தேகம் இல்லை. தொண்டை வெண்மை, அதற்குக் கீழே மார்பில் பழுப்புப் பூச்சு, இறக்கை ஓரத்தில் லேசான செம்மை, இதெல்லாம் துணைச் சாட்சிகள். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள், அது இரண்டு இனத்துக்குமே உண்டு, ஆகவே இந்த வழக்கில் உதவாது.

இருக்கிற இடமும் பேசும். பழுப்பு மார்பு ஈபிடிப்பானுக்கு நிழலும் ஈரமும் தாழ்ந்த புதரும் வேண்டும், விடியலிலும் அந்தியிலும் மங்கல் வெளிச்சத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும், மற்ற நேரத்தில் பக்கத்தில் நின்றாலும் தெரியாமல் போய்விடும். ஆசியப் பழுப்பு அப்படிக் கூச்சப்படாது. தோப்பின் ஓரத்தில், அயினி மரத்தின் பட்ட கொம்பில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில்கூட வெட்டவெளியாக உட்கார்ந்திருக்கும். இதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், ஆனால் காலும் அலகும் சரியாகத் தெரியாதபோது எந்தப் பக்கம் சாயலாம் என்று இது சொல்லும்.

மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு, செவ்வால் ஈபிடிப்பான். மேற்கு இமயமலையில் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் வருவது. முகம் வெறுமையாக இருக்கும், வாலும் வாலின் மேல்பக்கமும் துருச் சிவப்பு. பெரும்பாலும் மர உச்சியிலேயே இருந்துவிடும் என்பதால் உங்கள் சானல் கரைப் புதரில் அதைத் தேட வேண்டாம்.

உங்கள் விருந்தாளி வந்த தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். வடகிழக்கு இந்தியாவின் மலைகள், மியான்மர், தென்சீனா, அந்தப் பக்கத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியாவின் தென்மேற்கு மூலைக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான் இருக்கும். ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும், அதுவரைக்கும் அந்தப் புதரை வெட்டாமல் விட்டுவைக்க முடிந்தால் நல்லது. ரப்பர் விளையில் கரையோரப் புதரை ‘சுத்தம்’ செய்வது நம் ஊரில் ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

கேள்வி: நாகர்கோவிலில் எங்கள் தெருவில் கரண்ட் கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கிறதே, அதுவும் ஈபிடிப்பான்தானா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: கறுப்பாக, வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் கரிச்சான். பச்சையாக, நீளமான கூர் அலகோடு இருந்தால் பஞ்சுருட்டான். பிடிக்கிற முறை ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு குடும்பம். அசல் ஈபிடிப்பானை நகரத்துக்குள் பார்க்க வேண்டுமானால் பழைய வளாகங்களில் இருக்கிற பெரிய மரங்களின் உள்கிளைகளைப் பாருங்கள், குளிர்காலத்தில் ஆசியப் பழுப்பு அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: கீரிப்பாறைப் பக்கம் ஓடைக்கரையில் நீல நிறத்தில் ஒரு சின்னக் குருவி பார்த்தோம். ஒருவர் டிக்கெல் என்றார், ஒருவர் நீலத்தொண்டை என்றார், இன்னொருவர் இது நீலகிரி ஈபிடிப்பான் என்று சத்தியம் செய்தார். யார் சொன்னது சரி?
– தடிக்காரன்கோணம் நண்பர்கள்

பதில்: படம் இல்லாமல் பஞ்சாயத்து செய்யச் சொல்கிறீர்கள். நீங்களே தீர்த்துக்கொள்ள வழி சொல்கிறேன். நீலக் குருவி என்றால் முதலில் தொண்டையைப் பாருங்கள், முதுகைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, எல்லாருக்கும் முதுகு நீலம்தான்.

ஆண் பறவையின் தொண்டையிலேயே ஆரஞ்சு ஆரம்பித்து மார்புவரை இறங்கி, அப்புறம் வயிறு வெள்ளையானால் டிக்கெல் நீல ஈபிடிப்பான். இது வருடம் முழுக்க இங்கேயே இருப்பது. தொண்டை நீலமாக இருந்து, மார்பில் மட்டும் ஆரஞ்சு இருந்தால் நீலத்தொண்டை ஈபிடிப்பான், அது குளிர்கால விருந்தாளி. தொண்டை, மார்பு இரண்டும் கரு நீலமாக இருந்து வயிறு மட்டும் வெள்ளையானால் வெண்வயிற்று நீல ஈபிடிப்பான். இது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அடர்ந்த ஈரக்காட்டின் அடிப்புதரை விட்டு வெளியே வர மனசே வராது. உடம்பெல்லாம் ஒரே கரு நீலமாக, ஆரஞ்சு எங்குமே இல்லாமல் இருந்தால்தான் நீலகிரி ஈபிடிப்பானின் பேச்சை எடுக்க வேண்டும், அதுவும் உயரமான மலைக்காட்டில். மாறாமலை போன்ற உயரத்தில் என்றால் யோசிக்கலாம், அடிவாரத்தில் சத்தியம் செய்யும் அளவுக்குப் போக வேண்டாம். உடம்பெல்லாம் நீலம் என்று சொல்லும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: குளிர்காலத்தில் வருகிற வெர்டிட்டர் ஈபிடிப்பானும் முழு நீலம்தான், ஆனால் அந்த நீலத்தில் பச்சை கலந்து பளிச்சென்று இருக்கும், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் கறுப்பு தெரியும்.

பெண் பறவைகள் வந்தால் கதை மாறும். டிக்கெல் பெண்ணுக்கு நீலம் மங்கினாலும் முதுகிலும் வாலிலும் மிஞ்சியிருக்கும். வெண்வயிற்றுப் பெண்ணுக்கும் நீலத்தொண்டைப் பெண்ணுக்கும் நீலமே கிடையாது, மேலே பழுப்பு, வால் செம்மை. இந்த இரண்டையும் பிரிக்கிற வேலையை ஆரம்பக்காரர்கள் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். பக்கத்தில் ஆண் வந்து உட்கார்ந்தால் அதை வைத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நீங்கள் போன அதே ஓடையில் காலையில் சும்மா நின்றால், சின்னச் சலங்கையைக் குலுக்கினாற்போல ஒரு குட்டிப் பாட்டு கேட்கும், சில நொடிதான், திரும்பத் திரும்ப வரும். அது டிக்கெல். சத்தம் வந்த திசையில் இரண்டு ஆள் உயரத்துக்குள் தேடுங்கள், அதற்கு மேலே அபூர்வமாகத்தான் போகும்.

கேள்வி: வெள்ளை ரிப்பன்போல நீள வால் உள்ள குருவியை எங்கள் வாழைத் தோட்டத்தில் பார்த்தேன். அரசவால் ஈபிடிப்பான் என்கிறார்கள். அதுவும் நீங்கள் எழுதும் குடும்பம்தானா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: பெயரில் மட்டும்தான் ஈபிடிப்பான். பழுப்பு, நீல ஈபிடிப்பான்கள் எல்லாம் குண்டுகரிச்சானோடு ஒரே குடும்பம், அரசவால் தனிக் குடும்பம். வால் நீண்ட ஆண்கள் செம்பழுப்பு நிறத்திலும் உண்டு, வெள்ளையிலும் உண்டு, வெள்ளையைப் பார்த்துவிட்டு வேறு இனம் என்று சண்டை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காட்டில் கூட்டத்தோடு திரிகிற மஞ்சள் வயிறும் சாம்பல் தலையும் உள்ள குட்டி ஈபிடிப்பானும் இப்படித்தான், அதற்கும் குடும்பம் வேறு. வாழைத்தோட்டத்தில் அரசவால் கிடைத்தால் குடும்பத்தைப் பற்றி என்ன கவலை, ரசியுங்கள்.

கேள்வி: பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியில் படத்தைப் போட்டேன், காஷ்மீர் ஈபிடிப்பான் என்று காட்டுகிறது. தக்கலைப் பக்கம் இதைப் பார்த்ததாக, பறவை பார்த்த விவரங்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் பதிவு செய்யலாமா?
– தக்கலை வாசகர்

பதில்: பொறுங்கள். காஷ்மீரில் கூடு கட்டி நீலகிரி மலைகளிலும் இலங்கை மலைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கிற, உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவை அது. வலசைப் பாதையில் கீழேயும் இறங்கலாம், நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் மார்பில் ஆரஞ்சே இல்லை, பாதிக் குருவி இலைக்குப் பின்னால் இருக்கிறது. செயலி உங்கள் படத்துக்கு நெருக்கமான ஒன்றைக் காட்டும், அது சாட்சி ஆகாது, ஒரு யோசனை, அவ்வளவுதான்.

இந்த வகைக் குருவிகளில் பார்க்க வேண்டியது வால். செம்மார்பு ஈபிடிப்பான், காஷ்மீர் ஈபிடிப்பான் எல்லாவற்றுக்கும் கறுப்பு வாலின் அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் வெள்ளைத் திட்டு இருக்கும், அடிக்கடி வாலைத் தூக்குவதால் அது பளிச்சென்று தெரியும். இந்த வெள்ளை தெரியாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். தெரிந்தால், அப்புறம் மார்பு. காஷ்மீர் ஆணுக்கு ஆரஞ்சு மார்பு வயிறுவரை அகன்று இறங்கி, இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கரை கட்டியிருக்கும். செம்மார்புக்காரருக்கு ஆரஞ்சு தொண்டையோடும் மேல்மார்போடும் நின்றுவிடும், கறுப்புக் கரையும் இருக்காது. பெண்ணோ இளம் பறவையோ என்றால் நல்ல படம் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள்.

உங்கள் படத்தில் வால் தெரியவில்லை. அதனால் இனம் குறிப்பிடாமல் ‘ஈபிடிப்பான்’ என்று மட்டும் பதிவு செய்கிற வசதி இ-பேர்டில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பட்டியலை நீட்டுவதற்காகப் பெயர் ஒட்டுகிறவர்களால் சரிபார்க்கிற தன்னார்வலர்களுக்குத்தான் தலைவலி.

கேள்வி: பழுப்பு மார்பு ஈபிடிப்பானின் அறிவியல் பெயரில் ‘முத்துய்’ என்று வருகிறதே, அது நம்ம ஊர் முத்துவா?
– குலசேகரம் கல்லூரி மாணவி

பதில்: ஆமாம், முத்துவேதான், ஆனால் இலங்கைத் தமிழர். எட்கர் லெயார்டு என்ற ஆங்கிலேயர் இலங்கையில் அரசு வேலையில் இருந்தபோது அவரிடம் பணியாளாக இருந்தவர். லெயார்டுக்குப் பறவைகளைச் சேகரித்துக் கொடுத்தவர், இந்தப் பறவையைக் கொண்டுவந்ததும் அவர்தான். 1854-இல் லெயார்டு இதை விவரித்து எழுதியபோது முத்துவின் பெயரையே வைத்தார். அந்தக் காலத்தில் பறவைகளுக்குத் துரைமார், பிரபுக்கள் பெயர்தான் வைப்பார்கள். தேடி அலைந்த வேலையாளுக்கு அந்த மரியாதை கிடைத்தது அபூர்வம்.

கேள்வி: பைனாகுலர் வாங்கப் போகிறேன். கடையில் 8×42, 10×50, அப்புறம் 20 மடங்கு ஜூம் என்று மூன்று காட்டினார்கள். இருப்பதிலேயே பெரிதாகக் காட்டுவதை வாங்கிவிடவா?
– பேச்சிப்பாறை வாசகர்

பதில்: ஜூமை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கை நடுக்கத்தையும் சேர்த்து 20 மடங்காக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேரும் என்று ஓரளவு தெரியும். 8×42-இல் 5-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது, 10×50-இல் சரியாக 5. வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் 10×50 கனம், நேரம் ஆக ஆகக் கழுத்து கேட்கும். அதைவிட முக்கியம், 8 மடங்கில் பார்வைப் பரப்பு அகலம். சட்டென்று பாய்ந்து திரும்புகிற குருவியைக் கண்ணாடிக்குள் பிடிக்க அதுதான் வேண்டும். பேச்சிப்பாறை அணையில் நீர்ப்பறவை மட்டும் பார்ப்பதாக இருந்தால் 10 மடங்கு வாங்கலாம். காட்டுக்குள் என்றால் 8×42, யோசிக்கவே வேண்டாம்.

வாங்கியதும் ஒரு பழக்கம். கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரமெல்லாம் துழாவாதீர்கள். வெறும் கண்ணால் அசைவைப் பிடியுங்கள், குருவி எந்தக் கொம்பிலிருந்து கிளம்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள், அது பறந்துபோன பிறகு அந்த வெறும் கொம்பிலேயே ஃபோகஸ் செய்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஈபிடிப்பான் விஷயத்தில் இது நன்றாகப் பலிக்கும், பெரும்பாலும் அதுவே வந்து உங்கள் கண்ணாடிக்குள் உட்காரும்.

கேள்வி: ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதன் குரலைப் போட்டால் வெளியே வருமாமே? நல்ல படம் எடுக்க வேறு வழி தெரியவில்லை.
– அருமனை வாசகர்

பதில்: வேண்டாம். டிக்கெல் மாதிரி எல்லை வகுத்துக் குடியிருக்கிற பறவை, எதிரி புகுந்துவிட்டான் என்று தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு உங்கள் ஸ்பீக்கரோடு மல்லுக்கு நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது கோபத்தில் சிலிர்த்த ஒரு படம். அது மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ கூடு வைத்திருக்கும் மாதங்களில் இன்னும் மோசம். கூட்டைக் கலைப்பதும் முட்டையைக் கலைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக் கணக்கில் சேரும் என்பது பல கேமராக்காரர்களுக்குத் தெரியாது. சரணாலயப் பகுதிக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவதே தவறு, ஸ்பீக்கரோடு போவது இரட்டைத் தவறு.

வழி இருக்கிறது. மங்கலான நிறத்தில் சட்டை, ஓடை வளைகிற இடத்தில் ஒரு கல், அசையாமல் அரை மணி நேரம். நீங்கள் நடந்தால் அது நகரும், நீங்கள் உட்கார்ந்தால் அது வரும். இலைக்கூரை இருட்டில் படம் எடுக்கும்போது பின்னால் வெளிச்சம் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கால் நிறம் போய்விடும். கால் போனால் மேலே திருவட்டாறு வாசகருக்கு எழுதியது அத்தனையும் வீண்.

கேள்வி: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர ஆசை. எனக்குக் காகம், மைனா, கரிச்சான், கொக்கு தவிர அதிகம் தெரியாது. சேரலாமா?
– சுசீந்திரம் வாசகி

பதில்: தாராளமாக. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்றோ நடந்தோ பார்த்ததையெல்லாம் எண்ணிக்கையோடு இ-பேர்டில் போட வேண்டும், அதுதான் விதி. சுசீந்திரம் குளக்கரையில் நின்றாலே உங்களுக்குத் தெரிந்த நாலும் வந்துவிடும், கூடவே தெரியாதது நாற்பதும் வரும். தெரியாததைப் படம் எடுத்துப் பதிவோடு சேர்த்துவிடுங்கள், பெயர் பிறகு கேட்டுக்கொள்ளலாம். சின்னப் பழுப்புக் குருவி ஏதாவது கொம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் குறிப்புப் பகுதியில் கால் என்ன நிறம், கீழலகு என்ன நிறம் என்று இரண்டு வரி எழுதி, படத்தை எனக்கும் அனுப்புங்கள். மாசி இதழில் பார்த்துச் சொல்கிறேன்.